குடவோலையும் குடியிருப்பும்: சோழநாட்டு ஊர்மன்றில் உழைப்பவர் பெற்ற இடம்

கல்லணையைக் கடந்து வரும் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் ஊர் திருக்காட்டுப்பள்ளி. தேவாரப் பாடல் பெற்ற தலமாகிய இவ்வூரைத் தாண்டியதும் ஆறு கிளைகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து கடைமடை நோக்கிச் செல்கின்றது. தலைமடைக்காரன் தடுத்தால் கடைமடைக்காரன் பயிர் காயும். நீரைப் பங்கிடவும், கரையைக் காக்கவும், இறையைப் பிரித்துக் கட்டவும் ஊரார் கூடி முடிவு செய்யும் மன்றம் இந்நாட்டுக்கு இன்றியமையாததாக இருந்தது. ஊர் என்றும் சபை என்றும் நகரம் என்றும் நாடு என்றும் பெயர் பெற்ற அம்மன்றங்களின் செயல்களைச் சோழர் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் பதிவு செய்துள்ளன.

இம்மன்றங்களைப் பாராட்டாத தமிழ் மேடை இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி கண்டவர் தமிழர் என்ற பெருமிதத்திற்கு அடிப்படை உண்டு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. எனினும் அப்பெருமிதத்தோடு ஒரு வினாவும் சேர்ந்தே எழுதல் வேண்டும். அம்மன்றுகளில் அமர்ந்தோர் யாவர்? சேற்றில் இறங்கி நாற்று நட்டவரும், கதிர் அறுத்தவரும், மதகு காத்தவரும் அவற்றில் எங்கு இருந்தனர்?

இவ்வினாவிற்கு விடை தேடிப் புகுந்தால், வரலாறு நெடுகிலும் ஒரு சொல் வழிகாட்டுகின்றது. அது 'மனை' என்னும் சொல். தனக்கென மனை உடையவனுக்கே மன்றில் இடம் என்று பத்தாம் நூற்றாண்டு விதி கூறிற்று. மனை இல்லாதவருக்கும் மன்றில் இடம் உண்டு என்று இருபதாம் நூற்றாண்டின் அரசியலமைப்புக் கூறிற்று. அக்கூற்று காவிரிப் படுகையில் மெய்ப்படுவதற்கு முன்னர், குடியிருக்கும் மண்ணுக்காக உழைப்பவர் நெடுநாள் போராட வேண்டியிருந்தது. சட்டமும் போராட்டமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அவ்வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

ஓலையில் எழுதப்பட்ட தகுதி

குடத்தில் ஓலையிட்டு ஆளைத் தெரியும் வழக்கம் சோழர்க்கும் முற்பட்டது. அகநானூற்றின் 77ஆம் பாட்டு அதனை உவமையாக ஆள்கின்றது. சபை உறுப்பினர்க்குரிய தகுதிகளைக் கி.பி. 800ஐ ஒட்டிய மானூர்ப் பாண்டியர் கல்வெட்டும் கூறுகின்றது. ஆயினும் முறை முழுவதையும் விரித்துரைப்பவை தொண்டைநாட்டு உத்தரமேரூரில் உள்ள முதற் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இரண்டேயாம். அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை.

அவ்வூர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என உறுப்பினர் அமைந்தனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் இருந்தன. முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் கூடாது. கணக்குக் காட்டாதவர் வருதல் கூடாது; அவருடைய உறவினரும் வருதல் கூடாது. பொதுப்பணத்தைக் கையாள்வோருக்கு இத்துணைக் கடுமையான விதியை இன்றைய சட்டங்களிலும் காண்டல் அரிது.

தகுதி பற்றிய விதிகளோ மன்றத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. உறுப்பினராகக் கருதப்படுபவர் இறை செலுத்தும் நிலம் கால் வேலியேனும் உடையவராதல் வேண்டும். தம் சொந்த மனையில் கட்டிய வீட்டில் வாழ்பவராதல் வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராதல் வேண்டும். வேதப் பயிற்சி உடையவராதல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் அரைக்கால் வேலி நிலம் போதும் என்ற தளர்வு மட்டும் உண்டு. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். ஆதலின் அது அந்தணர் சபை. அந்தணர் அல்லாத நிலவுடைமையாளர் கூடிய மன்றம் 'ஊர்' எனப்பட்டது. இரண்டிலும் நிலமே நுழைவாயில். நிலமற்றார்க்கு இரண்டிலும் இடமில்லை. பெண்டிர்க்கும் இடமில்லை.

இதனைக் கொண்டு அக்காலத்தாரைப் பழிப்பது வரலாற்று நெறியன்று. பத்தாம் நூற்றாண்டின் உலகில் வேறெங்கும் நிலமற்ற உழைப்பாளி ஆட்சிமன்றில் அமர்ந்திருக்கவில்லை. இங்குக் கருதத்தக்கது, அம்மன்றத்தை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாகக் கொள்ளும் மயக்கமே. விதியின் நுட்பம் வேறு, வாயிலின் அகலம் வேறு.

ஊரும் சேரியும்

வாயிலுக்கு வெளியே நின்றவர் எங்கு வாழ்ந்தனர் என்பதைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளே தெளிவுறுத்துகின்றன. இராசராசன் அக்கோயிலுக்கு விட்ட ஊர்களைக் குறிக்குங்கால், இறையிலியாகக் கழிக்கப்பட்ட நிலங்கள் எவையென்று ஒவ்வோர் ஊருக்கும் பட்டியல் தரப்பட்டுள்ளது. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள் என்பவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் அப்பட்டியல்களில் இடம்பெறுகின்றன. சுடுகாட்டிலும் பறைச்சுடுகாடு தனியே குறிக்கப்படுகின்றது. இறந்தபின்னும் எல்லை பிரிந்தே கிடந்தது.

இப்பட்டியல் இருவகையிற் பொருளுடையது. உழைப்போர் குடியிருப்பை அரசு அறிந்திருந்தது, அளந்தும் இருந்தது. ஆனால் இறை செலுத்தும் நிலமாக அது எண்ணப்படவில்லை. இறை இல்லாத நிலத்தில் வாழ்வோர்க்கு இறைநிலத்தை அளவுகோலாகக் கொண்ட மன்றில் இடம் இல்லாமற் போனது இயல்பாயிற்று. இன்றைய கண்ணுக்கு வரிவிலக்கு ஒரு சலுகையாகத் தோன்றும். அன்றைய அமைப்பில் அதுவே விலக்கின் அடையாளமும் ஆயிற்று.

எல்லா ஊர்களும் ஒரே தன்மையின அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் அண்டை ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டாய்ந்த சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா, பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும் அல்லூரில் பெரிதும் ஊரார் பொதுவுடைமையாகவும் இருந்தமையைக் காட்டினார். ஆயினும் 'ஊரார்' என்ற அப்பன்மைச் சொல்லுக்குள் உழுதொழிலாளர் அடங்கினர் என்று கொள்ளச் சான்றில்லை.

நந்தன் கதை காட்டும் மாற்றம்

கல்வெட்டு கூறாததை இலக்கியம் கூறும் இடங்கள் உண்டு. சேக்கிழார் திருநாளைப்போவார் வரலாற்றில் ஆதனூர்ப் புலைப்பாடியைக் குடிசையும் கூரையும் குழந்தையும் கோழியுமாக விரித்துப் பாடியுள்ளார். அங்கு நந்தனார் ஊர்த்தொழிலுக்காக விடப்பட்ட பறைத்துடவையாகிய நிலத்தின் பயனை உண்டு வாழ்பவர். அவரைத் தடுக்கும் பண்ணைக்காரர் எவரும் சேக்கிழார் பாட்டில் இல்லை. தில்லைக்குள் புகத் தம் பிறப்பே தடை என்ற எண்ணம் ஒன்றே அவரைத் தடுக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் கதை மாறிவிடுகின்றது. நந்தன் பண்ணையாள் ஆகின்றான். தில்லை செல்ல விடை கேட்டு ஆண்டையின் முன் நிற்கின்றான். வயல் வேலை முடிந்தாலன்றி விடை இல்லை. பக்திக் கதைக்குள் மிராசுதார் நுழைந்த இம்மாற்றம் புலவரின் கற்பனை என்று தள்ளத்தக்கதன்று. மூலத்தில் இல்லாத பாத்திரத்தைக் கவிஞர் படைத்தார் எனினும், அவர் கண்முன் இருந்த தஞ்சை மண்ணில் அப்பாத்திரம் ஊர்தோறும் நடமாடிற்று. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என விதித்த பின்னும், கடனும் குடிசையும் பண்ணையாளைப் பண்ணையோடு பிணித்தே வைத்திருந்தன. குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் கூலி போகும். கூலியோடு குடிசையும் போகும்.

பெயரும் இடமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மக்கள் எழுப்பிய முதற் குரல் தம் பெயரைப் பற்றியதாக இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் தம் 'தமிழன்' இதழ்வழியே, தாழ்த்தப்பட்டோர் இந்நாட்டின் பூர்வ குடியினர் என்னும் கருத்தை வலியுறுத்தினார். அக்கருத்தின் வழிவந்த சொல்லே 'ஆதி திராவிடர்'. சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்த எம்.சி. இராசா 1922 சனவரியில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரசு அப்பெயரை ஏற்றது. இழிவுப்பெயர் நீங்கிய அளவில் அம்மாற்றம் நிற்கவில்லை. 'ஆதி' என்ற முன்னொட்டு ஓர் உரிமைக்கோரிக்கை. இம்மண்ணில் முன்னரே இருந்தவர் இம்மண்ணின் ஆட்சியில் பின்தள்ளப்பட்டது எவ்வாறு என்ற வினா அதனுள் அடங்கியிருந்தது.

பெயரை அடுத்து வழியும் நீரும் வந்தன. 1923இல் சட்டமன்ற உறுப்பினரான இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளும் பொதுக்கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேற்றச் செய்தார். பின்னர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து தாழ்த்தப்பட்டோர்க்கு அரசியலில் தனியிடம் வேண்டினார். 1932 செப்டம்பரில் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர்களுக்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

ஆயினும் இவையெல்லாம் மாகாணத் தலைநகரில் நிகழ்ந்தவை. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தின் 4 கோடிக்கும் மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம் பேருக்கே வாக்கு இருந்தது. நிலவரியும் சொத்தும் வாக்குக்குத் தகுதியாயின. கால் வேலி விதி வேறு உருவில் தொடர்ந்தது என்றே கூறலாம். சட்டமன்றத்தில் ஒருவர் பேசினார். அவர் எவருக்காகப் பேசினாரோ அவர்களுட் பெரும்பாலோர்க்கு வாக்கில்லை.

அரசியல் நிர்ணய அவையில் ஊராட்சி

விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பில் ஊருக்கு என்ன இடம் என்பது பெரும் விவாதமாயிற்று. 1948 நவம்பர் 4ஆம் நாள் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், ஊரை அரசியலின் அலகாகக் கொள்ளாமல் தனிமனிதனை அலகாகக் கொண்டதற்காக மகிழ்வதாகக் கூறினார். ஊர் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் சாதியுணர்வும் தேங்கிக் கிடக்கும் இடம் என்பது அவர் கருத்து. காந்தியடிகளின் ஊராட்சிக் கனவில் ஊறிய உறுப்பினர் பலர் இதனால் புண்பட்டனர்.

பழம்பெருமை பேசியவர்களுக்கு உத்தரமேரூர் துணை நின்றது. அம்பேத்கரின் சொற்களுக்குத் துணை நின்றதோ சேரிகளின் நிலை. இருசாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கண்டனர். மன்றம் இருந்ததென்பதும் மெய். அது எல்லார்க்கும் உரியதாக இல்லை என்பதும் மெய். 1948 நவம்பர் 22ஆம் நாள், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த உறுப்பினர் கே. சந்தானம் ஊராட்சிகளை அமைத்து அவற்றுக்குத் தன்னாட்சி அதிகாரம் தருமாறு அரசை நெறிப்படுத்தும் திருத்தத்தை முன்மொழிந்தார். அம்பேத்கர் அதனை ஏற்றார். அதுவே இன்றைய 40ஆம் உறுப்பு. நெறிமுறைக் கோட்பாடாக அமைந்தமையின் அதனை நீதிமன்றத்தின்வழி வலியுறுத்த இயலாது. ஊர் உயிர்பெறுவது அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. ஊருக்குள் சேரி இடம் பெறுவது ஊராரின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

மனை பெற்ற வரலாறு

இதே காலத்தில் கீழத்தஞ்சையில் வேறொரு வரலாறு உருவாகிக்கொண்டிருந்தது. 1943இல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ் கன்னட நாட்டிற் பிறந்தவர். மன்னார்குடிப் பகுதித் தென்பரையில் தொடங்கிப் பண்ணையாட்களையும் குத்தகையாளரையும் சங்கமாகத் திரட்டினார். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும், கூலி உயர வேண்டும் என்பவை முதற் கோரிக்கைகள். மன்றில் இடம் வேண்டும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. முதுகில் அடி விழாதிருத்தலே முதல் உரிமையாக இருந்தது. நாற்பதுகளில் நிலவுடைமையாளரோடு ஏற்பட்ட உடன்பாடுகளில் சங்கத்தார் எதிரே அமர்ந்து பேசினர். ஊர்மன்றில் அமரும் முன்னர் உழைப்பாளி அமர்ந்த முதல் மன்று அதுவே எனலாம்.

1952இல் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையோடு முதற் பொதுத்தேர்தல் நடந்தது. ஆயிரம் ஆண்டுகள் நின்ற நிலத்தகுதி அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பால் நீங்கியது. அதே ஆண்டில் இராசாசி அமைச்சரவை தஞ்சைக் குத்தகையாளர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காரணமின்றிப் பண்ணையாளை நீக்குதல் தடுக்கப்பட்டது. சட்டத்தின் பயன் ஒருபுறம் இருக்க, பண்ணையாள் முறையே படிப்படியாகத் தேய்ந்து தினக்கூலி முறை பரவியது. பிணைப்புத் தளர்ந்தது; கூடவே ஆண்டு முழுதும் வேலை என்ற உறுதியும் தளர்ந்தது.

குடிசை நின்ற மண் மட்டும் இன்னும் பிறருடையதாகவே இருந்தது. வெளியேற்றத்திலிருந்து காக்க 1961இல் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வுப் போராட்டத்தின் உச்சத்தில், அன்றைய தஞ்சை மாவட்டக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. 1971இல் குடியிருப்போர்க்கு மனையின் உரிமையையே வழங்கும் சட்டம் நிறைவேறியது.

இந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கூலிச் சட்டங்களின் வரிசையில் வைத்து எண்ணுவதே வழக்கம். உத்தரமேரூர் விதியோடு சேர்த்து நோக்கினால் அதன் உண்மையான பொருள் புலப்படும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் வாழ்பவனே மன்றத்துக்கு உரியவன் என்றது பழைய விதி. அவ்விதி நெடுங்காலத்திற்கு முன்பே மறைந்துவிட்டது எனினும் அதன் உட்கருத்து ஊர் வாழ்வில் மறையவில்லை. பிறர் மண்ணில் குடியிருப்பவன் பிறர் சொற்படி வாக்களிப்பான்; பிறர் சொற்படி எழுந்து நிற்பான். காலடி மண் தனதான பிறகே அவன் வாக்கும் தனதாயிற்று. 1971இல் கிடைத்த பட்டா வீட்டுக்குரிய தாளாக மட்டும் இருக்கவில்லை. குடியுரிமைக்குரிய தாளாகவும் இருந்தது.

எழுபத்துமூன்றாம் திருத்தம்

அக்காலத்து ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு உறுப்பினர் இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆயின் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. 1961-62இல் திருவையாற்றுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்ந்த ஆந்திரே பெத்தேய், அவ்வூருக்கு 'சிறீபுரம்' எனப் புனைபெயரிட்டு 1965இல் நூல் வெளியிட்டார். ஊரதிகாரம் அந்தணரிடமிருந்து அந்தணரல்லாத நிலவுடைமையாளரிடம் நகர்ந்துவிட்டது என்பதும், ஆதி திராவிடர் அதிலிருந்து பெரிதும் விலகியே நின்றனர் என்பதும் அவர் கண்ட முடிவுகள். சபையிலிருந்து ஊருக்கு அதிகாரம் மாறிற்று, சேரிக்கு மாறவில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்ததே அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம். 1989இல் இராசீவ் காந்தி அரசு கொண்டுவந்த 64ஆம் திருத்த முன்வரைவு மாநிலங்களவையில் தோற்றது. 1992 திசம்பரில் நரசிம்மராவ் ஆட்சியில் 73, 74ஆம் திருத்தங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. முன்னது 1993 ஏப்பிரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சிற்றூராட்சிகளுக்கு அதுவும், திருக்காட்டுப்பள்ளி போன்ற பேரூராட்சிகளுக்கு 74ஆம் திருத்தமும் உரியன. 

இதன் கூறுகளைக் குடவோலை விதிகளோடு அடுத்தடுத்து வைத்துக் காண்டல் தகும். 243ஆம் உறுப்பின்படி கிராம சபையின் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாற் போதும். நிலமும் கல்வியும் வேண்டுவதில்லை. மக்கட்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இடங்கள் உண்டு. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் உண்டு. தமிழகத்தில் 2016இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. அனைத்தினும் மேலாகத் தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீட்டை அரசியலமைப்பே விதித்தது. உறுப்பினராக ஓரத்தில் அமர்தல் வேறு. தலைவராக நடுவில் அமர்தல் வேறு. உத்தரமேரூர் மூன்றாண்டு இடைவெளி விதித்துப் பதவியைச் சுழற்றியது. புதிய சட்டம் ஒதுக்கீட்டைச் சுழற்சிமுறையில் ஊர்களிடையே நகர்த்துகின்றது. பழைய நுட்பம் புதிய அகலத்தோடு இணைந்த இடம் இதுவாகும்.

நாற்காலி

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 அக்டோபரில் தேர்தல்கள் நடந்தன. சட்டம் திறந்த வாயிலை ஊர் மூட முயன்ற வரலாறும் அன்றே தொடங்கிற்று. மதுரை மாவட்ட மேலவளவில் ஒதுக்கீட்டுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 சூன் 30ஆம் நாள் மதுரையிலிருந்து பேருந்தில் திரும்புகையில் தம்மவர் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊர்களில் வேட்பாளர் இல்லாமலும், வென்றவர் உடனே பதவி விலகியும் பத்தாண்டுகள் கழிந்தன. அங்கு முறையான தலைவர்கள் பொறுப்பேற்றது 2006 அக்டோபர்த் தேர்தலின் பின்னரே.

வன்முறை எப்போதும் அரிவாளோடு வருவதில்லை. கடலூர் மாவட்டத் தெற்குத்திட்டை ஊராட்சியில், கூட்டத்தில் ஏனையோர் நாற்காலியில் இருக்கத் தலைவராகிய தலித் பெண்மணி தரையில் அமர்த்தப்பட்டிருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. அதே ஆண்டு விடுதலை நாளில் திருவள்ளூர் மாவட்ட ஆத்துப்பாக்கத்தில் தலைவர் கொடியேற்ற முடியாமற் செய்யப்பட்டார். பின்னர் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். இவ்விரு நிகழ்வுகளிலும் சட்டம் குறையின்றி இருந்தது. தேர்தல் நடந்திருந்தது, பதவி கிடைத்திருந்தது. கிடைக்காதது நாற்காலி. மறுமுனையில், 2022 மார்ச்சில் சென்னை மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயராக ஆர். பிரியா பொறுப்பேற்றதும் இதே அரசியலமைப்பின் பயனேயாம்.

பூர்வ குடியினர்க்கு ஆட்சியில் இடம் என்னும் சிக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ஆத்திரேலியாவில் 1967ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் பூர்வகுடியினரையும் மக்கட்தொகையிற் சேர்த்தெண்ண இசைந்தனர். நாடாளுமன்றத்துக்கு அவர்கள் குரலைத் தெரிவிக்கும் ஓர் அமைப்பை அரசியலமைப்பில் ஏற்ற 2023 அக்டோபரில் கேட்டபோது அந்நாட்டு மக்கள் மறுத்துவிட்டனர். மக்களாக எண்ண உடன்படுவோர், மன்றில் பேசவிட உடன்படுவதில்லை. பொலிவியாவிலோ 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாட்டையே பல்தேசிய இனங்களின் நாடாக அறிவித்துப் பூர்வகுடியினர்க்கு நாடாளுமன்றத்தில் இடங்களை உறுதி செய்தது. அங்கும் அம்மாற்றம் நீர், நிலம் பற்றிய போராட்டங்களின் பின்னரே வந்தது. காவிரிப் படுகையின் பாடமும் அதுவே.

தொடர்தலே உரிமை

ஊராட்சியின் காலம் ஐந்தாண்டு. அதற்குமேல் நீட்டித்தலாகாது, முடிவதற்குள் தேர்தல் நடத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. ஆயினும் 2016இல் முடிவுற்ற ஊராட்சிகளுக்குத் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் 2019 திசம்பரிலும் எஞ்சியவற்றில் 2021 அக்டோபரிலுமே தேர்தல் நடந்தது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோர் காலம் 2025 சனவரியில் முடிந்தபோது, தஞ்சை உள்ளிட்ட அம்மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் பொறுப்பில் வந்தன. இவ்விடைவெளி எல்லார்க்கும் இழப்பு எனினும் இழப்பின் அளவு ஒன்றன்று. நிலமும் உறவும் செல்வாக்கும் உடையவர்க்கு அலுவலரை அணுக ஆயிரம் வழி. சேரியினர்க்கு உள்ள ஒரே வழி தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் உறுப்பினரும். தேர்தல் இல்லாத ஆண்டுகளில் ஊரின் வாயில் பழைய அளவுக்கே சுருங்கிவிடுகின்றது. குடவோலை ஆண்டுதோறும் எடுக்கப்பட்டது என்பதை உத்தரமேரூரைப் போற்றுவோர் இங்கு நினைவுகூர்தல் நலம்.

சோழநாட்டின் மன்றத்தைத் தமிழ் இலக்கியம் வியந்து பேசியுள்ளது. சேரியைப் பேசிய நூல்களும் நமக்கு உண்டு. வெண்மணியைப் பொருளாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' ஆகிய நாவல்கள் வந்தன. மன்றமும் சேரியும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என உணர்ந்து, இரண்டையும் ஒருங்கே வைத்துப் பாடும் பெருங்கவிதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது. குடத்துள் இடப்பட்ட ஓலைகளை ஆய்வாளர் எண்ணிவிட்டனர். இடப்படாத ஓலைகளில் இருந்திருக்க வேண்டிய பெயர்களைச் சொல்லும் கடன் கவிஞர்க்கு உரியது.